ஒரு வாய் ரொட்டி

"இது ரொட்டியா, சட்டைப் பொத்தானா, ஒடெல்லா?"

ஒடெல்லா வீட்டுச் சமையலறை நாற்காலியில் சாய்ந்திருந்தாள் வெர்லீன். அவளுடைய வலது கை, மடியிலிருந்த கைப்பைக்கு அடியில் இருந்தது.

"பொத்தான்னே வெச்சுக்கங்க அக்கா. வாயில போட்டா கரையற பொத்தான்."

ஒடெல்லா ஓவனிலிருந்து குழித்தட்டை வெளியே இழுத்தாள். குழிகளுக்குள் பன்றிக் கொழுப்பு புகைந்தது. மோர் விட்டுக் கரைத்த மக்காச்சோள மாவை ஊற்ற ஊற்ற, ஒவ்வொரு குழியும் சுர்ரென்று பேசியது.

"நாளைக்கு ஊர் கூடற ஞாயிறு. மாண்ட்கோமரியிலேர்ந்து போதகர் பெண்டாட்டியோட வர்றார். பெரிய இரும்புச் சட்டியில சுட்டு, பெரிய பெரிய துண்டா வெட்டி வெச்சாதான் சபைக்கு மரியாதை. இதைப் பார்த்தா நம்ம சபையில மாவுப் பஞ்சம்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும். வெட்ட வேணாம், பங்கு வைக்க வேணாம். எடுத்தோமா, போட்டோமான்னு போயிடலாம்."

"சர்க்கரை போட்டியா?"

"நான் அலபாமாக்காரி அக்கா. இனிப்பு வேணும்னா கேக் சுடுவேன்."

வெர்லீன் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே மூச்சு வாங்கியது. அவள் ரொட்டியைப் பற்றிப் பேச வரவில்லை. கேட்க வந்தது வேறு.

சபையின் சமையலறைக்கு அவள்தான் தலைவி. கணவன் இறந்த பிறகு, காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டுமென்று ஏற்றுக்கொண்டது. இந்தப் பனிக்காலத்தில் வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் காப்பிக் கோப்பை தளும்பியது. பிறகு முள்கரண்டி தட்டிலிருந்து வாய்க்கு வருவதற்குள், அவரைக்காய் பாதி மடியில் விழுந்தது. இடது கை எத்தனை சொல்லிக் கொடுத்தும் கற்றுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து சபை விருந்துகளில் அவள் பந்தியில் உட்காருவதில்லை. "நான் அப்பவே சாப்பிட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கழுவு தொட்டிப் பக்கமே நிற்பாள். வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கிண்ணத்தைத் தூக்கிக் கஞ்சி போலக் குடிப்பாள். நடுக்கம் அவளை அவ்வளவாகக் களைக்க வைக்கவில்லை. அதை மறைப்பதுதான் களைக்க வைத்தது. தெரிந்துவிட்டால் ஐயோ பாவம் என்பார்கள். சமையலறையை வேறு யாரிடமாவது கொடுப்பார்கள்.

"ட்ரெஸி வீட்டுல நம்ம பொம்பளைங்க எல்லாம் கூட்டம் போட்டீங்களாமே?"

ஒடெல்லா அடுத்த குழிக்கு மாவு ஊற்றினாள்.

"போட்டோம்."

"எனக்குச் சொல்லல."

"சொல்ல வேணாம்னுதான் அக்கா கூடினோம்."

"என்ன பேசினீங்க?"

"சாப்பாட்டு விஷயம்தான். தட்டு ஆறுது, என்னைப் பேச வைக்காதீங்க."

ட்ரெஸி. வெர்லீனுக்கு அது போதும். ட்ரெஸி சுடும் விலா எலும்புக் கறி தட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அவள் பேச்சும் அப்படித்தான். சமையலறை தன் கைக்கு வந்தால் எப்படி நடத்துவேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவள்.

வெர்லீன் மாவுப் பாத்திரத்தைப் பார்த்தாள். இந்த ஊரில் சொந்தக்காரி உள்ளே வந்தால் கையில் கரண்டியைக் கொடுப்பார்கள், விருந்தாளிக்குத்தான் நாற்காலி. வந்ததிலிருந்து ஒடெல்லா ஒரு கரண்டியைக்கூட அவள் பக்கம் நீட்டவில்லை. அவமானம்கூட வரவில்லை. எப்போது படுக்கலாம் என்றுதான் இருந்தது.

"சமையலறையை நானே ட்ரெஸிகிட்ட ஒப்படைச்சுடறேன். யாரும் வாயால கேக்க வேணாம்."

ஒடெல்லா திரும்பவில்லை. "நாளைக்கு விருந்து முடியட்டும் அக்கா. ஒரே ஒரு நாள் பொறுங்க."

அதை வெர்லீன் மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் எல்லோரும் கூடத்துக்கு நகர்ந்தார்கள். வெர்லீன் சுவரோரமாக வந்தாள். மேசைகள் விசித்திரமாக இருந்தன. ட்ரெஸியின் கறி எலும்பை விட்டு, சின்னச் சின்னதாகப் பல்குத்தும் குச்சிகளில் குத்தியிருந்தது. மக்ரோனி கட்டைவிரல் உயரக் காகிதக் கிண்ணங்களில். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பு நாணயம் அளவுக்கு. நடுவில் கோபுரமாக ஒடெல்லாவின் ரொட்டிகள்.

புதுத் தலைவி, புது நாகரிகம், என்று நினைத்துக்கொண்டாள் வெர்லீன். வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். ட்ரெஸியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சமையலறைப் பக்கம் நடந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போதகரின் மனைவி தட்டோடு நின்றிருந்தாள்.

"முள்கரண்டி எங்கேம்மா வெச்சிருக்கீங்க?"

"இன்னிக்குக் கிடையாதுங்க," என்றாள் ட்ரெஸி. "எல்லாமே ஒரு வாய் அளவு. விரலால எடுத்து அப்படியே போட்டுக்கலாம். கூட்டம் போட்டு முடிவு பண்ணினது. என் கறியை எலும்பிலேர்ந்து பிரிக்க நான்தான் கடைசி வரைக்கும் சண்டை போட்டேன், தோத்துட்டேன்."

"அழகாத்தான் இருக்கு. எதுக்கு இப்படி?"

ட்ரெஸிக்கும் குரல் தாழும் என்று வெர்லீனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"எங்க தலைவி எங்ககூட உக்காந்து சாப்பிட்டு ரொம்ப நாளாச்சுங்க."