கொஞ்சம் குறைச்சுக்கலாமா

முன் இருக்கைக்காரர் பாட்டின் சத்தத்தை இன்னும் கூட்டினார்.

கைபேசியை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தார். பெயின்டர். நகக்கண்களில் பச்சையும் வெள்ளையும் காய்ந்துபோயிருந்தன. பறை, எக்காளம், நாலு பேர் குரல் எல்லாம் சேர்ந்து பேருந்தின் கூரையை முட்டின.

காலை ஒன்பது மணி. நிற்க இடமில்லை. ஆளாளுக்கு அவர் முதுகை முறைத்ததோடு சரி.

அவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள் பாட்டைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனைக் கவனித்தாள்.

பதினோரு வருடத்தில் அந்த முகம் அவளுக்கு மனப்பாடம். முதலில் தாடை இறுகும். அப்புறம் நெற்றியோரம் நரம்பு புடைக்கும். பிறகு காது மடல் சிவக்கும். அதற்கு மேல் கவனிக்க நேரமிருக்காது.

தாடை இறுகியது. நரம்பு புடைத்தது. மடல் சிவக்கத் தொடங்கியது.

அவள் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பாவம், இந்த மனிதர் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தாள்.

கணவன் கண்ணை மூடினான். ஒரு மூச்சு இழுத்து விட்டான். இன்னொன்று. சிவப்பு மெல்ல வடிந்தது.

பிறகு முன்னால் குனிந்து, பெயின்டரின் தோளை இரண்டு விரலால் தொட்டான்.

"அண்ணே, பாட்டு நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் குறைச்சுக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

பெயின்டர் சண்டைக்குத் தயாராகத்தான் திரும்பினார். அந்தக் குரலைக் கேட்டதும் முகம் இளகிவிட்டது. "அடடா, ஏதோ யோசனையில கவனிக்காம விட்டுட்டேன் சார்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்குப் பாட்டு இறங்கியது. இருவரும் சிரித்துக்கொண்டார்கள். கணவன் நன்றிகூடச் சொன்னான்.

அவளுக்கு வயிறு எரிந்தது.

என்ன இது என்று அவளுக்கே முதலில் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, பொறாமை. முன்பின் தெரியாத ஒரு பெயின்டர் மேல். வேறொருத்தியோடு அவனைப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

அந்த 'அண்ணே' மேல் பொறாமை. 'கொஞ்சம்' மேல், 'தப்பா எடுத்துக்காதீங்க' மேல் பொறாமை. எல்லாவற்றையும்விட அந்த இரண்டு மூச்சின் மேல். அவளுக்காக அவன் அரை மூச்சுகூட இழுத்து விட்டதில்லை.

அவனுக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. தண்ணீர் வராதவர்கள் நாள் முழுக்க வந்து கத்துவார்கள். அவன் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரவைத்துப் பேசுவானாம். அங்கே அவனுக்கு 'ஐஸ் சார்' என்று பெயர். ஒருமுறை அவனுடைய சக ஊழியர் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, கிண்டல் செய்கிறார் என்றே அவள் நினைத்துக்கொண்டாள்.

மாமியார் சொல்லியிருந்தது வேறு. "அவனுக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. நீதான் அனுசரிச்சுப் போகணும்."

அதை அவள் நம்பினாள். சிலருக்கு ஆஸ்துமா இருப்பதுபோல இவனுக்குக் கோபம்; அவன்தான் என்ன செய்வான் என்று பரிதாபப்பட்டாள். கரண்டி கீழே விழாமல், கதவு கிறீச்சிடாமல், நோயாளி இருக்கிற வீடுபோல நடமாடப் பழகினாள். ஜவுளிக்கடையில் கலைந்த துணிகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் தன்னையே மடித்துக்கொள்வாள்.

இப்போது கண்ணாரப் பார்த்துவிட்டாள். கண்ணும் தெரிகிறது, மண்ணும் தெரிகிறது. எதிரில் இருப்பது யார் என்பதும் நன்றாகவே தெரிகிறது.

நின்றுகொண்டிருந்தவர்கள் அவனை மரியாதையோடு பார்த்தார்கள். நடத்துநர்கூடத் தலையசைத்துவிட்டுப் போனார். அந்தத் தலையசைப்பின் மேலும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

யாரோ அவள் தோளைத் தட்டினார்கள். இரண்டாவது முறை தட்டிய பிறகே திரும்பினாள். பின் இருக்கையில் ஒரு டீச்சர், மடி நிறைய விடைத்தாள்களோடு.

"அப்பவே கூப்பிட்டேன், உங்களுக்குக் கேக்கல போல. உங்க வீட்டுக்காரர் எவ்வளவு தன்மையா பேசறார்! குடுத்து வெச்சவங்கம்மா நீங்க."

கணவன் கூச்சத்தோடு சிரித்தான்.

"ஜன்னல் பக்கம் பேசினா எனக்குக் கேக்காது டீச்சர்" என்றாள் அவள். "இந்தக் காது நேத்துலேருந்து அடைச்சிருக்கு. டாக்டர்கிட்டதான் போயிட்டிருக்கோம்."

"ஐயோ, என்னம்மா ஆச்சு?"

கணவனின் முழங்கை அவள் விலாவை லேசாக இடித்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்ல வேண்டும் என்று காலையில் இரண்டு முறை சொல்லிக்கொடுத்திருந்தான்.

"சமைக்கும்போது ரேடியோவைச் சத்தமா வெச்சுட்டேன். அதுக்கு இவர் அறைஞ்சுட்டார்."

டீச்சருக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் பாட்டைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் சிக்னலில் நின்றிருந்த பேருந்து நிசப்தமாக இருந்தது. கடைசி இருக்கை வரை கேட்டுவிட்டது.

பெயின்டர் எழுந்து நின்றார். கணவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"தங்கச்சி, நீ இங்க வந்து உக்காரும்மா."

அவள் எழுந்தாள். மொத்தப் பேருந்தும் பார்த்துக்கொண்டிருக்க, கணவன் முழங்காலை ஒடுக்கி அவளுக்கு வழிவிட்டான்.