புள்ளி போட்ட டிசைன்

"உட்காருங்க, உட்காருங்க! பின்னாடி கச்சேரி நடத்துறவங்க வாயை மூடுங்க. பெத்தவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்!"

வந்தவங்களுக்கெல்லாம் டீ குடுத்துட்டு மேடம் கை தட்டினதும் வகுப்பு கப்சிப்.

துணிக்கு பிரிண்ட் டிசைன் போடப் படிக்கிற பசங்களுக்கு இன்னிக்குக் கடைசித் தேர்வு. தேறின டிசைன் சட்டையாகி மேடை ஏறும். தேறலைன்னா? வருஷம் பூரா மறுபடி முதல்லேருந்து.

மேடத்துக்கு வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"இது கிளியாடா? ஜலதோஷம் பிடிச்ச காக்கா!"ன்னு ஒருத்தனைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக் காட்டினாங்க. வகுப்பே உருண்டுச்சு. காக்காவுக்கும் பாஸ் போட்டாங்க, அது வேற விஷயம்.

அடுத்து புள்ளி. கையில பேனா கிடைச்சா எங்கேயாவது புள்ளி வெச்சுக்கிட்டே இருப்பா, அதனால அந்தப் பேரு. துணியை மேஜையில விரிச்சா.

பழுப்புல ஒரு திட்டு. மஞ்சள்ல ஒரு தெறிப்பு. அங்கங்கே சிவப்பு ஒழுகி, இழுவி, சொட்டி...

"அடியே! வரைஞ்சியா, இல்ல சாப்பிட்டுக் கை துடைச்சியா?"

எல்லாரும் சிரிச்சாங்க. புள்ளி சிரிக்கல.

மேடம் குனிஞ்சு பார்த்தாங்க. டிசைன் திரும்பத் திரும்ப வர்ற இடத்துல ஒட்டு எங்கேன்னு அவங்க கண்ணுக்கே சிக்கல.

"வேலை சுத்தம். அதான்டி வயித்தெரிச்சல். இவ்வளவு தெரிஞ்சவ ஒரு பூ வரையக்கூடாதா?"

"பூ வேலைக்கு ஆகாது மேடம்."

"சரி, யாரை மனசுல வெச்சு வரைஞ்சே? அதுக்குத்தான் பாதி மார்க்கே."

புள்ளியோட கண்ணு ஒரு தடவை கடைசி வரிசைக்குப் போய்த் திரும்புச்சு.

"சொல்லுடி. இதை எவன் போடுவான்?"

புள்ளி உதட்டைக் கடிச்சா. "ஃபெயில் போட்டுக்கோங்க மேடம். சொல்ல மாட்டேன்."

திமிரைப் பாருன்னு மேடத்துக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. பேனா மூடியைக் கழட்டினாங்க.

கடைசி வரிசையில நாற்காலி கிறீச்சுன்னுச்சு. ஒருத்தர் எழுந்தார். வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். போட்டிருந்தது அதே துணியில தெச்ச சட்டை.

"அப்பா, வேண்டாம். உக்காருங்க," புள்ளி பதறினா.

மேடம் நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. குரல் தானா இறங்கிடுச்சு.

"ஐயா, பொண்ணு தெச்சுக் குடுத்தா கோணிப்பையைக்கூட ஆசையாப் போட்டுக்குவீங்க. அது பாசம். ஊருல மத்தவங்க எதுக்கு இதைப் போடணும்?"

அவர் வலது கையை நீட்டினார். அது ஒரு இடத்துல நிக்கல. விரலுக்கு நடுவுல காலி டம்ளர் ஆடிக்கிட்டே இருந்துச்சு.

"நடுக்க வியாதி, டீச்சரம்மா. நாலு பேர் முன்னாடி சாப்பிட வெக்கப்பட்டு வீட்டுக்குள்ளயே கிடந்தவன் நான். இப்ப நீங்க குடுத்த டீயில பாதி இந்தச் சட்டை மேலதான் இருக்கு. எங்கேன்னு காட்டுங்க, பாக்கலாம்!"