மாடி பல்பைக் கழற்றியவர்

"மொட்டை மாடி பல்பைக் கழட்டினது நீங்கதானே?"

வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். மாடி வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த ஒட்டடைக்குச்சி மனுஷன் கொஞ்சமும் கூச்சப்படாமல் தலையாட்டினார்.

"ஆமாம்மா. கண்ணைக் கூசுச்சு. ஜன்னல்ல பத்திரமா வச்சிருக்கேன்."

"மூணு ராத்திரியும் மேல உருட்டிக்கிட்டே இருந்தீங்களே, என்ன பண்ணீங்க?"

"சும்மா உக்காந்திருந்தேன்."

"சும்மாவா?" அவர் தோளில் தொங்கிய நீளமான கறுப்புப் பையை மேலும் கீழும் பார்த்தாள். "குடும்பம் இருக்கிற வீடு சார் இது. இருட்டடிச்சுட்டு உக்காருறவங்களுக்கெல்லாம் இங்க இடமில்லை."

அவர் கோபப்படவில்லை. "அடுத்த தடவை நேரா உங்களுக்கே போன் பண்ணலாமா? நடுவுல அந்த வெப்சைட் எதுக்கு?"

நேரடி புக்கிங்குக்குத்தான் அந்த வீட்டில் தவம் கிடந்தார்கள். ஆனாலும் இந்த ஆளுக்கு நம்பர் கொடுக்க அவளுக்கு மனசே இல்லை. வீட்டுக்காரர்தான் நடுவில் புகுந்து கார்டைக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மாடியைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட ஆரம்பித்து ஒன்றரை வருஷம். வெப்சைட் தன் பங்கைக் கறாராக எடுத்துக்கொண்டு, இவர்கள் வீட்டை நாற்பதாவது பக்கத்தில் தள்ளி வைத்திருந்தது. இந்த சீசனும் மாடி காலியாகக் கிடந்தால் வீட்டை விற்றுவிட்டு நாத்தனார் வீட்டுப் பின்னறைக்குக் குடிபோவது என்று முடிவாகியிருந்தது. நாத்தனாரோடு ஒரே ஒரு வாரம் இருந்த அனுபவமே வீட்டுக்காரம்மாவுக்கு ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

அவள் தம்பிதான் ஒரு யோசனை சொன்னான்.

"ஊருக்கெல்லாம் விளம்பரம் பண்ணாதே அக்கா. நாய் வளக்கறவங்க, சைக்கிள்காரங்க, மீன் பிடிக்கறவங்கன்னு ஆன்லைன்ல ஆயிரம் குரூப் இருக்கு. அவங்களுக்கு என்ன வேணும்னு பாத்து, உள்ள போய் நாலு வார்த்தை பழகணும். ஒருத்தர் வந்தா பின்னாடியே நாப்பது பேர் வருவாங்க."

வீட்டுக்காரர் பழகவெல்லாம் இல்லை. ஒரே மத்தியானத்தில் இருபத்திரண்டு குரூப்பில் சேர்ந்தார். எது என்ன குரூப் என்றுகூடப் பார்க்காமல், 'இரவு முழுக்க விளக்கொளியில் ஜொலிக்கும் வீடு! உடனே அழைக்கவும்!' என்று எல்லாவற்றிலும் ஒட்டினார். சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டிலிருந்தும் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

ஒட்டடைக்குச்சி போன மறுவாரம் தம்பி போனில் ஒரு படம் அனுப்பினான். ஏதோ ஒரு குரூப்பில் வந்ததாம், யாரோ அவனுக்கு அனுப்பியிருந்தார்கள். மேலே இவர்கள் போன் நம்பர். அதன் கீழே:

'தெருவிளக்கு கிடையாது. சுற்றுவட்டாரத்தில் ஒரு கடை கிடையாது. ராத்திரி கையை நீட்டினால் கை தெரியாது. மொட்டை மாடியில் ஒரே ஒரு பல்பு, அதையும் நான் கழற்றிவிட்டேன்...'

அதோடு படம் வெட்டுப்பட்டிருந்தது.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டானே, பாவி! நம்பர் வேற போட்டு நாறடிச்சிருக்கான்!"

கார்டைக் கொடுத்த புண்ணியத்துக்குப் புருஷனுக்கும் நாலு விழுந்தது.

மறுநாள் காலையிலேயே எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார். வாசலுக்கு ரெண்டு, மொட்டை மாடிக்கு நாலு. விளையாட்டு மைதானத்துக்குப் போடுகிற விளக்குகள்.

"இனிமே எவன் இருட்டுன்னு சொல்றான், பாக்கறேன்," என்றாள்.

சுவரில் துளை போட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"அந்த இருட்டு வீடுதானே? அமாவாசைக்கு ஆறு பேர் வரலாமா?"

கிண்டல் பண்ணுகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. "இருட்டெல்லாம் ஒண்ணும் இல்லை. ஆறு லைட்டு போட்டிருக்கோம். குண்டூசி விழுந்தாலும் எடுத்துடலாம்!"

"ஓ... அப்ப வேண்டாங்க."

பத்து நிமிஷத்தில் இன்னொரு போன். அதுவும் அமாவாசைக்கு. லைட்டு என்றதும் அவரும் வைத்துவிட்டார். மூன்றாவதாக ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அய்யய்யோ, லைட்டு போட்டுட்டீங்களா? நாங்க டெலஸ்கோப் வச்சு நட்சத்திரம் பாக்கற குரூப்புங்க. நல்ல இருட்டு கிடைக்காம ஊர் ஊரா அலையறோம். எங்க சீனியர் ஒருத்தர் உங்க வீட்டைப் பத்தி எழுதினதுலேருந்து குரூப்புல வேற பேச்சே இல்லை."

"எங்க வீட்டை அசிங்கப்படுத்தியில்ல எழுதியிருக்கார்?"

"முழுசாப் படிச்சீங்களாக்கா? இருங்க, அனுப்பறேன்."

வீட்டுக்காரம்மாவின் கண் முன்னால் நாத்தனார் வந்து நின்று சிரித்தாள். மாடிக்கு ஓடினாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதையாக, எலக்ட்ரீஷியன் ஆறாவது விளக்கை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கழட்டுங்க!"

"எதைம்மா?"

"எல்லாத்தையும். நான் திரும்ப மாட்டின அந்தப் பழைய பல்பையும் சேத்து."

எலக்ட்ரீஷியன் புருஷனைப் பார்த்தார். புருஷன் வானத்தைப் பார்த்தார்.

போன் சிணுங்கியது. வெட்டுப்பட்ட மீதி வந்திருந்தது.

'...இருபது வருஷத்தில் இப்படி ஒரு வானத்தை நான் பார்த்ததில்லை. வெப்சைட்டுக்குப் போகாதீர்கள், நேராக இந்த நம்பருக்கே கூப்பிடுங்கள். முழு வாடகையும் அவர்களுக்கே சேரட்டும். நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்காமல் பல்பைக் கழற்றியது என் தப்பு. என்மேல் இருக்கிற கோபத்தில் அந்த அம்மா உங்களுக்கும் இடமில்லை என்று சொல்லிவிடப் போகிறார்.'