கிண்ணத்து விளிம்பில் பவளம்

விருந்தாளி கொடுத்துவிட்டுப் போன பெல்ஜியம் நாட்டுக் கருப்பு பீர் தோட்டத்துக்காரருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாய் குடித்து முகம் சுளித்தவர், மீதியைக் கிண்ணத்தில் ஊற்றி, நத்தைகளைப் பிடிக்க முட்டைக்கோஸ் பாத்தியில் வைத்தார்.

சுருளி என்ற நத்தைதான் முதலில் இறங்கியது. அதன் மனைவி பவளம் விளிம்பிலேயே நின்றுவிட்டது.

"முதல்ல கருகின வெல்லப்பாகு மாதிரி இருக்கு, பவளம். அப்புறம் உலர்ந்த திராட்சை. கடைசியில ஒரு கசப்பு வருது பாரு, அதுலதான் உயிரே இருக்கு."

"போதும், மேல வாங்க."

"இன்னும் ஒரு வாய்."

பவளம் கெஞ்சிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கிண்ணத்திலிருந்து பதில் வருவது நின்றுபோனது.

பொழுது சாய்வதற்குள் வாசனை பிடித்து இன்னும் நான்கு நத்தைகள் வந்தன.

"இறங்காதீங்க. என் வீட்டுக்காரர் இதுலதான் மூழ்கிச் செத்தார்," என்றது பவளம்.

நான்கும் கொம்பைத் தாழ்த்தித் துக்கம் விசாரித்தன. பிறகு ஒன்று தயங்கித் தயங்கிக் கேட்டது: "சாகறதுக்கு முன்னாடி, ருசி எப்படின்னு ஏதாவது சொன்னாரா?"

சுருளி கடைசியாகப் பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான். பவளத்துக்கு அதை மறைக்க மனம் வரவில்லை. வெல்லப்பாகு, திராட்சை, கசப்பு என்று ஒரு சொல் விடாமல் அழுதுகொண்டே சொன்னது. சொல்லி முடித்து நிமிர்ந்தபோது, விளிம்பில் அதைத் தவிர யாரும் இல்லை.