இரண்டு தகடுகள்

கண்ணாடிக் கூண்டிலிருந்து காற்றை முழுவதும் உறிஞ்சியாகிவிட்டது. உள்ளே, தங்கம் பூசிய இரண்டு தகடுகள் முடியைவிட மெல்லிய இடைவெளியில் எதிரெதிரே நின்றன. மின்சாரமில்லை, காந்தமில்லை, ஆனாலும் ஒன்றையொன்று இழுத்தன. ஒட்டிக்கொண்டால் போச்சு. பிரிக்கும்போது ஒன்றின் தங்கம் மற்றதோடு உரிந்து வந்துவிடும்.

பூங்கோதை மேசையின் மறுமுனையில், கணவனுக்கு எட்டாத தூரத்தில் நாற்காலியைப் போட்டிருந்தாள். விவாகரத்து மனு அவள் கைப்பையில் இருந்தது. இந்த அளவீடு முடிந்ததும் கையெழுத்துப் போடுவதாக ஆராவமுதன் சொல்லியிருந்தான். ஆறு மாதமாக அதைத்தான் சொல்கிறான்.

"போதுங்க, நிறுத்துங்க. ஒட்டிக்கும்."

"இன்னும் ஒரே ஒரு அளவு, கோதை," என்று சிரித்தபடி தகடுகளை நெருக்கும் திருகைத் திருப்பினான். "ஒட்டினா ஒட்டட்டுமே."

அவள் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அவன் திருகை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினான்.

"பாரு, நான் தொடவே இல்ல."

திரையில் இடைவெளியின் எண் குறைந்துகொண்டே இருந்தது.

அவன் கையைப் பிடிக்க நாற்காலியைவிட்டுத் தான் எழவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் முழங்கால் அவன் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. காலை ஊன்றி, பலங்கொண்ட மட்டும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

நாற்காலி அசையவில்லை.