ஒப்பந்த கேக்

கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தான அன்று, பங்காளிக் கம்பெனி அனுப்பிய ஐஸ்கிரீம் கேக் உருகிவிடக் கூடாதென்று சேர்மன் நல்லபெருமாள் அதை ஆய்வுக்கூட ஃப்ரீசருக்குள் வைத்தார். இடம் போதவில்லை, உள்ளேயிருந்த குப்பிகளை எடுத்து ஜன்னலோர வெயிலில் அடுக்கிவிட்டார்.

திங்கட்கிழமை விஞ்ஞானி மரகதவல்லி வந்து பார்த்தாள்.

"மருந்து சுரக்கிற கிருமி அத்தனையும் செத்துப்போச்சு சார். உலகத்துலயே வேற எங்கயும் கிடையாது."

"சத்தமா சொல்லாதம்மா, ஷேர் ஏறிக்கிட்டிருக்கு. பங்காளிகிட்ட கொஞ்சம் இருக்குமே?"

"அவங்க அதை வாங்கத்தான் வாசல்ல ஐஸ்பெட்டியோட நிக்கிறாங்க."

சேர்மன், கல்லாக உறைந்திருந்த கேக்கைச் சுத்தியலால் உடைத்துக் குப்பிகளில் நிரப்பினார். பங்காளிகள் கும்பிட்டு வாங்கிப்போனார்கள். இன்றுவரை இரண்டு கம்பெனி ஷேரும் இறங்கவில்லை.

மருந்து எப்போது வருமென்று கேட்கும் நோயாளிகளுக்கு மரகதவல்லிதான் போனில் பதில் சொல்கிறாள்.

"வந்துடும்ங்க. இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிங்க."