சாத்தாத கதவு

“ஐயையோ, கதவைச் சாத்தாதீங்க!”

உள்ளே இருந்த ஏழெட்டுப் பேரும் ஒரே குரலில் கத்தியதில், அளவு நாடாவும் கையுமாக நுழைந்தவள் திடுக்கிட்டுப் போனாள்.

“ஏன், பூட்டு சிக்கிக்குமா?”

“பூட்டுக்கு ஒண்ணும் இல்லம்மா. இந்த ரூம் கதவை மட்டும் சாத்தக் கூடாது. அது எங்க வழக்கம்,” என்றார், வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்த பஸ் டிரைவர். “ஆமா, நீங்க யாரு?”

“எஞ்சினியர். இடத்தை அளக்க வந்திருக்கேன். திங்கட்கிழமை வீட்டை இடிக்கறாங்க.”

அத்தனை முகமும் வாடிவிட்டது. அந்த வீட்டில் வாழ்ந்த ராக் பாடகர் இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அவர் பாடிப் பதிவு செய்த அறையில் கடைசியாக ஒருமுறை உட்கார்ந்து அவர் பாட்டைக் கேட்கலாம் என்று, இந்த ரசிகர்கள் காவல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே வந்திருந்தார்கள்.

“எல்லாம் அவர் பொண்ணு செய்யற வேலை,” என்றாள் பல் டாக்டர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “பெத்த அப்பா செத்ததுக்குக்கூட வரல. ‘என்னை ஒரு நாள்கூட நினைக்காத மனுஷனோட வீடு எனக்கு எதுக்கு?’ன்னு புரோக்கர்கிட்ட சொல்லிச்சாம்.”

“அவர் நினைச்சிருந்தா அவர் பொண்ணும் வந்திருப்பாங்க,” என்றாள் எஞ்சினியர் வெடுக்கென்று. நாடாவை இழுத்துச் சுவரோரமாகப் பிடித்தாள். “அது என்ன, கதவைச் சாத்தாத வழக்கம்?”

“என்னம்மா, இதுகூடத் தெரியாதா? அவரோட பெரிய பாட்டுல, நடுவுல சட்டுனு எல்லாம் நிக்கும். ‘டேய், அந்தக் கதவைச் சாத்தாத’ன்னு மெதுவா சொல்லுவார். அப்புறம்தான் அந்த உச்சக் குரல். நீங்க கேட்டதே இல்லையா?”

“இல்ல. எங்க வீட்ல அவர் பாட்டு ஆரம்பிச்சாலே ரேடியோவை நிறுத்திடுவாங்க. அம்மாவுக்குப் பிடிக்காது.”

“என் பொண்டாட்டியும் அந்தக் கட்சிதான்,” என்று டிரைவர் பெருமூச்சு விட்டார். “ரெக்கார்டிங் அப்போ எவனாவது கதவைத் திறந்து போடுவானா? அந்தப் பாட்டுல தெரு நாய் குரைக்கறதுகூடக் கேக்கும். அந்த நாய்க்கே தனியா ரசிகர்கள் இருக்காங்க! அப்படின்னா அது தத்துவம்தானே? சுதந்திரம்! எதையும் அடைச்சு வைக்காதேங்கறார். அதைக் கேட்டுட்டு நான் பஸ் கதவைச் சாத்தாம ஓட்டி மெமோ வாங்கினேன்.”

“சும்மா இருங்க அண்ணே. அது காதல்,” என்றாள் பல் டாக்டர். “அந்தப் பாட்டு வந்த வருஷக் கடைசியிலதான் அவர் மனைவி கோவிச்சுக்கிட்டு, குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. போகப் போறாங்கன்னு மனசுக்குத் தெரிஞ்சிருக்கு. ‘போனாலும் திரும்பி வா’ங்கறார். நானும் கிளினிக்ல இந்தப் பாட்டைப் போட்டா கதவைத் திறந்து வச்சிடுவேன். உள்ள ஒருத்தர் அலறினா, வெளிய காத்திருக்கறவங்க பாதிப் பேர் எழுந்து ஓடிடறாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். எஞ்சினியர் சிரிக்கவில்லை. ஊரார் எல்லாம் உருகுவதற்கு இந்த மனிதர் அப்படி என்னதான் செய்துவிட்டார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. எதிரில் இருந்த சின்ன அறையை அளக்கப் போனாள். ஒரே இருட்டு. குனிந்து விளக்கைப் போட்டாள்.

“அட, சுவிட்சை டக்குனு பிடிச்சிட்டீங்களே! நாங்க தடவித் தடவி ஓய்ஞ்சு போனோம்,” என்று டிரைவர் இங்கிருந்தே குரல் கொடுத்தார். “எந்தப் புத்திசாலி அதை முழங்கால் கிட்டக் கொண்டுபோய் வச்சானோ! கிடார் எல்லாம் போட்டு வைக்கிற ரூம்னு நினைக்கிறோம்.”

அவள் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“ஒரே ஒரு பாட்டு. கேட்டுட்டுக் கிளம்பிடறோம். நீங்களும் உட்காருங்கம்மா,” என்று பல் டாக்டர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அவள் உட்காரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். தரையில் இருந்த சின்ன ஸ்பீக்கர் முழங்கத் தொடங்கியது. டிரைவர் தொடையில் தாளம் போட்டார். முரட்டுக் குரல் ஒன்று ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. சட்டென்று எல்லாம் நின்றது.

“டேய், அந்தக் கதவைச் சாத்தாத.”

அதில் முரட்டுத்தனமே இல்லை. பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்பது போல அடங்கிய, ரகசியமான குரல். மறு நொடி அந்த உச்சக் குரல் எழும்பியது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார்கள். அவள் மட்டும் திறந்திருந்த கதவின் வழியே எதிர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த அறையின் வெளிச்சம் ஒரு பாய் விரித்தது போல அந்த அறைத் தரையில் நீளமாக விழுந்து கிடந்தது.

பாட்டு முடிந்ததும் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “எஞ்சினியரம்மா, அந்தப் பொண்ணைப் பார்த்தா எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன். இந்த ரூமையாவது விட்டு வைக்கச் சொல்லுங்க.”

அவள் கையிலிருந்த நாடா சர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

“வீட்டை இடிக்கல.”

“அதெப்படிம்மா, சொந்தக்காரங்களைக் கேக்காம நீங்களா முடிவு பண்றீங்க?”

“அந்த ரூம்ல தூங்கிட்டு இருந்தது நான்தான்,” என்றாள் அவள், எதிர் அறையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இங்கேயிருந்து வெளிச்சம் வரலைன்னா பயந்து அழுவேன்... அப்பாவுக்கு, பாடிட்டு இருக்கும்போதுகூட அது ஞாபகம் இருந்திருக்கு.”